அடுப்படிக்கு வந்த திருவிழா



சென்ற திங்களில் நம் சங்கத்தின் செயற்குழு கூடிற்று. ஆண்டு விழாவுக்கு வருவோர்க்கு என்ன இனிப்பு வழங்குவது என்பதே அன்றைய பேச்சு. “அட்டைப் பெட்டியில் அடைத்த இனிப்பு அலுத்துவிட்டது. ஊர்த் திருவிழாவில் பொரித்துத் தருவார்களே, பாகு சொட்டச் சொட்ட, அந்த மிட்டாயைக் கொடுப்போம்” என்றார் ஒரு நண்பர். எல்லார் முகமும் மலர்ந்தது. உடனே இன்னொருவர் எழுந்தார். “தெருவில் பொரிப்பதை வாங்கியா விருந்தினர்க்குக் கொடுப்பது? எந்த எண்ணெயோ, எந்தக் கையோ! வீட்டில் செய்து கொண்டு வருவோம். அதுதான் தூய்மை” என்றார். கைதட்டல் எழுந்தது. தீர்மானம் நிறைவேறியது. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

தூக்கிய கை, ஜோகுபாளையம் வந்து சேரும் வரையில் கனத்துக்கொண்டே இருந்தது. ஏன் என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வீட்டில் செய்ய வேண்டா என்பதன்று என் கருத்து. செய்யத்தான் வேண்டும். எல்லாரும் செய்ய வேண்டும். ஆயினும் அதற்கு நாம் அன்று சொன்ன காரணம் தவறு; செய்ய நினைத்த முறையும் தவறு. திருவிழாக் கடையை வெறுத்து அடுப்படிக்குள் நுழைவது வேறு. திருவிழாக் கடையை அறிந்துகொள்ள அடுப்படிக்குள் நுழைவது வேறு. முன்னது நம்மைச் சிறுமைப்படுத்தும். பின்னது நம்மை வளர்க்கும்.

எங்கள் ஜோகுபாளையத்தை நீங்கள் அறிவீர்கள். அல்சூர் ஏரிக்கும் சோமேசுவரர் கோயிலுக்கும் அணித்தே கிடக்கும் பகுதி. 1809-ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலேயரின் படைக் குடியிருப்பு இந்த வட்டாரத்தில் வேரூன்றியபோது, படையோடும் படைக்குப் பின்னும் தமிழர் பலர் வந்து சேர்ந்தனர். சிப்பாய்கள் வந்தனர், வணிகர் வந்தனர், கூலி வேலை செய்வோர் வந்தனர். வந்தவர்கள் மொழியை மட்டுமா கொண்டு வந்தார்கள்? ஆட்டுக்கல்லையும் கொண்டு வந்தார்கள். எண்ணெய்ச் சட்டியையும் கொண்டு வந்தார்கள். ஏரிக்கரை அருகே 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையை நாம் பெருமையோடு காட்டுகிறோம். அதே பெருமையோடு அந்த எண்ணெய்ச் சட்டியை யாராவது காட்டியதுண்டா?

இந்நகரில் திருவிழாக்களுக்குக் குறைவில்லை. சோமேசுவரர் கோயில் தேரோட்டம் ஒன்று. செப்டம்பர் 8-இல் சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்துப் பெருவிழா மற்றொன்று. கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையில் பசவனகுடியில் கூடும் கடலைக்காய்ப் பரிசே இன்னொன்று. தெய்வங்கள் வேறு, மொழிகள் வேறு, கூட்டம் மட்டும் ஒன்றே. எங்கே கூட்டம் உண்டோ அங்கே ஒரு சட்டி, ஓர் அடுப்பு, ஒரு பாகுப் பாத்திரம். இவை இல்லாத திருவிழா உண்டா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதித் திருவிழா ஒன்றில் நடந்தது இது. தெரு முனையில் ஓர் அம்மையார் சீனி மிட்டாய் பிழிந்துகொண்டிருந்தார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்த குடும்பம் என்பதைப் பிறகு அறிந்தேன். சீரணி என்றும், கருப்பட்டியில் தோய்த்தால் கருப்பட்டி மிட்டாய் என்றும் தென்பாண்டி நாட்டார் சொல்வார்களே, அந்தப் பண்டம்தான். துளையிட்ட துணியில் மாவை முடிந்து, கொதிக்கும் எண்ணெயின் மேல் கையைச் சுழற்றினார். வளையத்துக்குள் வளையமாக மாவு விழுந்தது, புரண்டது, பொன்னிறமாயிற்று. நான் என்ன செய்தேன்? ரசித்தேனா? இல்லை. நண்பர்கள் முன் என் அறிவைக் காட்ட வேண்டாவா? “இது எத்தனை நாள் எண்ணெய்? கையுறை போட மாட்டீர்களா?” என்று கேட்டேன். கேட்டது குற்றமன்று. கேட்ட குரல் குற்றம்.

அந்த அம்மையார் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எண்ணெயப் பாக்கீகளா தம்பி, என் கையப் பாக்கீகளா?” என்று மட்டும் கேட்டார். நண்பர்கள் சிரித்தனர். நான் வாங்காமலே நடந்தேன். போகிற போக்கில், “இதை வீட்டிலேயே அரை மணியில் செய்துவிடலாம்” என்றும் சொல்லி வைத்தேன். அவர் காதில் அது விழுந்திருக்கும்.

என் அச்சம் வெற்று அச்சம் என்று சொல்ல மாட்டேன். பொரித்த எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சினால் அது சிதைகிறது. தீங்கு தரும் பொருள்கள் அதில் பெருகுகின்றன. முனைவுச் சேர்மங்கள் என்று அறிவியலார் கூறும் அச்சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. 2018 ஜூலை முதல் அவ்விதி நடைமுறையில் உள்ளது. துணிக்குச் சாயம் ஏற்றும் ரோடமின்-பி என்னும் பொருளைப் பஞ்சு மிட்டாயில் கலந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடும் மார்ச்சில் கருநாடகமும் தடை விதித்தன. கருநாடகத்தில் கோபி மஞ்சூரியனுக்கும் செயற்கை நிறம் ஆகாது என்று ஆணை பிறந்தது. இவையெல்லாம் வேண்டிய விதிகள். குழந்தையின் வயிற்றோடு விளையாட யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் நண்பர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். வீட்டில் என்ன நடக்கிறது? தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெய் தூக்கில் காத்திருக்கும். மறுநாள் அதில் அப்பளம் பொரியும். அடுத்த வாரம் வடை வேகும். எஞ்சியது தாளிப்புக்குப் போகும். அந்த எண்ணெயை அளந்து பார்த்தவர் யார்? கேசரிக்கு நிறம் கூட்டும் அந்தச் சிறு பொட்டலம் எந்த வீட்டில் இல்லை? தூய்மை என்பது சுவரால் வருவதன்று, பழக்கத்தால் வருவது. கூரை இருக்கிற இடமெல்லாம் தூய்மை, கூரை இல்லாத இடமெல்லாம் அழுக்கு என்று எண்ணுவது அறிவியல் அன்று. அது செருக்கு.

சொன்ன சொல்லைக் காக்க வேண்டுமே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படிக்குள் புகுந்தேன். அரை மணியில் முடிப்பதாகச் சொன்ன வேலை அன்று என் பகல் முழுவதையும் விழுங்கிற்று.

முதலில், வீட்டில் இருந்த தோசை மாவையே துணியில் முடிந்து பிழிந்தேன். அது வளையமாகவில்லை; எண்ணெய் முழுவதும் பரவி நூலாகச் சிதறிற்று. “மாவே தப்புடா” என்றார் அம்மா. பிறகு முறையைச் சொன்னார். புழுங்கல் அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு. மூன்று மணி நேரமாவது ஊற வேண்டும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். உளுந்து ஏன்? அரைக்க அரைக்க அது காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வளையம் உப்பி, உள்ளே குழலாவதற்கு அதுவே துணை. அரிசி ஏன்? மேலோடு மொறுமொறுப்பாக நிற்க. ஒன்று மிகுந்தால் வடை. மற்றொன்று மிகுந்தால் கல்.

இரண்டாம் முறை மாவு சரி, எண்ணெய் தப்பு. காயாத எண்ணெயில் பிழிந்தேன். வளையங்கள் அடியில் கிடந்து எண்ணெய் குடித்தன. அடுப்பைக் கூட்டினேன், மேலே கருகின, உள்ளே மாவாகவே இருந்தன. இதன் காரணத்தை வேதியியல் படிக்கும் நண்பர் ஒருவர் பின்னர் விளக்கினார். எண்ணெய் 170, 180 பாகை அளவில் காய்ந்திருந்தால், மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியே பாயும். அந்தப் பாய்ச்சல் இருக்கும் வரை எண்ணெய் உள்ளே புக முடியாது. சூடு குறைந்தால் பாய்ச்சல் தளரும். மேலோடு இறுக நேரமாகும். பண்டம் எண்ணெயில் நெடுநேரம் கிடந்து ஊறும். வெளியே எடுத்த பிறகும் ஆபத்து உண்டு. ஆவி குளிர்ந்து அடங்கும்போது, மேலே ஒட்டிய எண்ணெயை வெற்றிடம் உள்ளே இழுக்கும். ஆகவே எடுத்தவுடன் வடிக்க வேண்டும். சூடு ஆறுமுன் பாகில் போட வேண்டும். அப்போது அதே வெற்றிடம் பாகை இழுத்துக்கொள்ளும். திருவிழா மிட்டாயைக் கடித்தால் பாகு வாயில் பீறிடுகிறதே, அதன் மருமம் இதுதான்.

அந்த அம்மையாருக்கு வெப்பமானி ஏது? ஒரு துளி மாவை விட்டார். அது எழுந்து வந்த விரைவைக் கண்டார். விறகைச் சற்றே பின்னுக்கு இழுத்தார். அவ்வளவுதான். எங்கள் ஆய்வுக் கூடத்தில் கருவி கொண்டு அளப்பதை அவர் கண்ணால் அளந்தார்.

மூன்றாம் முறை பாகு கெட்டது. கருப்பட்டியைக் கரைத்து, வடிகட்டி, மண் நீக்கி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டுக் காய்ச்சினேன். விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு வந்ததும் இறக்க வேண்டுமாம். நான் கம்பிப் பதத்தையும் தாண்டிக் காய்ச்சினேன். மிட்டாய் மேல் பாகு ஓடாக உறைந்தது. உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை. நாலாம் முறை வந்தது, நண்பர்களே, ஏதோ ஒன்று! வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. ஆயினும் உள்ளே பாகு இருந்தது. தங்கை ஒன்றைத் தின்றுவிட்டு, “இது எந்த நாட்டு வரைபடம்?” என்றாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வெற்றி என்று நிமிர்ந்தேன். அப்போது கண்டேன்: மேடை முழுவதும் மாவு. சுவர் எங்கும் எண்ணெய்ப் புள்ளி. மூன்று பாத்திரங்களில் இறுகிய பாகு. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா அவற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வாரம் முழுவதும் உழைப்பவருக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. அந்த ஓய்வையும் என் வீறாப்பு தின்றுவிட்டது.

இங்கேதான் நம் தீர்மானத்தின் இரண்டாம் பிழை இருக்கிறது. “வீட்டில் செய்து கொண்டு வருவோம்” என்று நாம் கை தூக்கினோமே, செய்யப் போவது யார்? நாமா? நம் தாயார், நம் தமக்கையார், ஊரில் உள்ள பாட்டி. விடுதி நண்பர்களோ, உள்ளூர் நண்பர்களின் தாயாரை நம்பிக் கை தூக்கினார்கள். தெருவில் ஒரு பெண்மணி கூலி பெற்றுச் செய்யும் வேலையை, வீட்டில் இன்னொரு பெண்மணி கூலியின்றிச் செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டு, அதற்குத் தூய்மை என்று பெயரும் வைத்தோம். இது நீதியா?

தமிழ்ப் பெருமை பேச நாம் யாருக்கும் இளைத்தவர் அல்லர். சங்க காலத்திலேயே இனிப்பு விற்றார்கள் என்று மேடையில் முழங்குவோம். உண்மைதான். அப்ப வாணிகரைக் கூவியர் என்றனர் அந்நாளில். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், நள்ளிரவில் மதுரைக் கடைத் தெருவில் அடையும் மோதகமும் வைத்துக்கொண்டு அமர்ந்தபடியே கண் அயரும் கூவியரைக் காண்கிறோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கரிய அகன்ற சட்டியில் பாகோடு செய்து, இழை சூழ்ந்த வட்டமாய்ப் பாலில் கிடக்கும் பண்டம், நீரில் உதிர்ந்த குருக்கத்திப் பூவுக்கு உவமையாக வருகிறது. அது இன்றைய சீரணிதான் என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. அந்தப் புலவர்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். கரி படிந்த சட்டியைப் பார்த்தார்கள். விழித்திருந்து களைத்த கண்ணையும் பார்த்தார்கள். பார்த்ததைப் பாட்டில் வைத்தார்கள். நாமோ அவர்கள் பாட்டைப் படிக்கிறோம். அவர்கள் பார்த்தவரைப் பார்க்க மறுக்கிறோம். கூவியர் ஏட்டில் இருந்தால் பெருமை. எதிரில் இருந்தால் அருவருப்பா?

இந்தப் பண்டங்களுக்குத் தனி உரிமை கொண்டாடவும் யாராலும் முடியாது. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த சமையல் நூலில் சலாபியா என்னும் பொரித்த இனிப்பு இருக்கிறது. அதுவே ஜிலேபியாகி, பதினைந்தாம் நூற்றாண்டுச் சமண நூலொன்றில் தலைகாட்டுகிறது. நாம் அதிரசம் என்பதைக் கொங்கு நாட்டார் கச்சாயம் என்பர். எங்கள் ஜோகுபாளையத்துக் கன்னட அண்டை வீட்டாரோ கஜ்ஜாய என்பர். தெலுங்கர்க்கு அது அரிசெலு, மராத்தியர்க்கு அனரசே. தீபாவளி நாளில் எங்கள் தெருவில் தட்டுகள் வீடு மாறும்போது, எது கச்சாயம், எது கஜ்ஜாய என்று நாவுக்குத் தெரியாது. மொழிச் சண்டையை ஏடுகள் வளர்த்த நாள்களிலும் அந்தத் தட்டுகள் நிற்கவில்லை என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள்.

கடல் கடந்து பார்த்தாலும் இதே கதைதான். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் குடியேறிய செர்மானிய மரபினர், புனல் வழியே மாவை எண்ணெயில் சுற்றி ஊற்றிப் பொரித்துச் சர்க்கரைத் தூள் தூவி உண்பர். 1950-இல் குட்ஸ்டவுன் என்னும் ஊரில் தொடங்கிய நாட்டுப்புற விழாவில் அது விற்பனைக்கு வந்து நாடு முழுதும் புகழ் பெற்றது. இன்று அந்நாட்டில் பொருட்காட்சி என்றாலே அந்தப் பண்டம்தான். வீட்டு அடுப்பில் பிறந்தது விழாவுக்குப் போயிற்று. விழாவில் உண்டவர் அதை வீட்டில் செய்து பார்க்கின்றனர். துளையிட்ட துணிக்கும் புனலுக்கும் என்ன தொலைவு? வீடும் விழாவும் பகைவர் அல்லர். ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுக்கும் இரு பள்ளிகள்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவில் நான் அந்தக் கடையைத் தேடிப் போனேன். அதே முனை, அதே சட்டி, அதே அம்மையார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். “அம்மா, போன வருசம் ஒருநாள் எண்ணெயைப் பற்றிக் கேட்டேனே, நினைவிருக்கிறதா?” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். “தெனம் நூறு பேரு கேக்காக தம்பி. யாருன்னு வச்சுக்கிட?” என்றார்.

நண்பர்களே, அந்த மறுமொழி என்னைச் சுட்டது. என் சொல் அவரைத் தைத்திருக்கும் என்று ஓராண்டாக வருந்திக்கொண்டிருந்தேன். என் சொல்லுக்கு அவர் நெஞ்சில் தனி இடம்கூட இல்லை. நூற்றில் ஒன்று அது. அப்படியானால் மற்றத் தொண்ணூற்றொன்பது பேர் யார்? நாமெல்லாம்தாம்!

அரை கிலோ வாங்கினேன். வீட்டில் செய்து பார்த்த கதையைச் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தாமலே கேட்டார். “பாகு ஆறிப் போச்சா? வெதுவெதுன்னு இருக்கணும் ராசா. அடுப்போரமா வச்சுக்க” என்றார். நாலு முறை தோற்றும் எனக்குப் புலப்படாத பிழை அது! ஒரு நொடியில் சொல்லிவிட்டார். அரைத்த மாவைப் பொழுது கடத்தாமல் பொரிக்க வேண்டும் என்றும், புளித்தால் எண்ணெய் குடிக்கும் என்றும் சொன்னார். எண்ணெயைப் பற்றியும் அவரே சொன்னார்: “நொரை கட்டிப் பொங்குச்சுன்னா அந்த எண்ணெ செத்துப் போச்சு. செத்ததுல சுட்டா மிட்டாயும் நாறும், பேரும் நாறும்.” ஆணையம் விழுக்காட்டில் சொன்னதை அவர் வழக்கில் சொன்னார். சென்ற ஆண்டு நான் மரியாதையோடு கேட்டிருந்தால் சென்ற ஆண்டே இந்த விடை கிடைத்திருக்கும்.

ஆதலால் நம் தீர்மானத்தை மாற்றுமாறு செயற்குழுவை வேண்டுகிறேன். விலக்க வேண்டா, மாற்றினால் போதும்.

முதலாவது, மிட்டாயை நாமே செய்வோம். அம்மாவிடம் ஒப்படைக்காமல், விழாவுக்கு முதல் நாள் ஒரு பொதுச் சமையற்கூடத்தில் ஆணும் பெண்ணுமாகக் கூடிச் செய்வோம். அரைப்பதும் நாம், பிழிவதும் நாம், பாத்திரம் தேய்ப்பதும் நாம். விடுதி அறையில் மின்னடுப்பை வைத்துக்கொண்டு யாரும் துணிய வேண்டா. எண்ணெய்ச் சட்டியில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றுவது பெருந்தீங்கு; அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். இதை அறியாதவர் சட்டியருகே நிற்கலாகாது. புதிய எண்ணெய் வாங்குவோம். நிறப்பொடி சேர்க்க மாட்டோம். கருப்பட்டியின் நிறத்தை விடவா அழகான நிறம் வேண்டும்?

இரண்டாவது, கற்றுக்கொடுக்க ஒரு திருவிழாக் கடைக்காரரை அழைப்போம். அன்றைய வருமானத்துக்குக் குறையாத ஊதியம் தருவோம். அழைப்பிதழில் சொற்பொழிவாளர் பெயர் அச்சாகும் அதே எழுத்தில் அவர் பெயரும், அவர் இசைவு பெற்று, அச்சாகட்டும். தெருவோர வணிகரைக் காக்க நாடாளுமன்றம் 2014-இல் சட்டம் இயற்றியிருக்கிறது. அதன்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் விற்பனையாளர்க்கு உரியது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு உரியது. சட்டம் அவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறது. தமிழ்ச் சங்கம் போடவில்லை என்றால் யாருக்கு வெட்கம்?

“நீங்களே செய்யக் கற்றுக்கொண்டால் அவர் பிழைப்புப் போகாதா?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பாட்டுக் கற்றவன் கச்சேரிக்குப் போவதை நிறுத்துகிறானா? அவனே முதல் வரிசையில் அமர்கிறான். சட்டியின் முன் நின்று விரல் சுட்டுக்கொண்டவனுக்குத்தான் அந்தக் கைச் சுழற்சியின் அருமை தெரியும். அவன் பத்து ரூபாய்க்குப் பேரம் பேச மாட்டான். நான் இப்போது பேசுவதில்லை.

மூன்றாவது ஒன்று உண்டு. அது தீர்மானத்தில் எழுத முடியாதது; மனத்தில் எழுத வேண்டியது. தூய்மையைக் கேளுங்கள், கேட்கத் தயங்காதீர்கள். உண்பவர்க்கு அது உரிமை. ஆனால் சமமான ஒருவரிடம் கேட்பது போல் கேளுங்கள். “அக்கா, இன்றைக்கு மாற்றிய எண்ணெயா?” என்று கேட்டால் விடை வரும். மூக்கைச் சுளித்துக் கேட்டால் எதிர்க் கேள்விதான் வரும்.

ஆண்டு விழாவில் பலர் பேசுவார்கள். தமிழ் உயர்ந்தது என்பார்கள். தமிழன் உழைத்தவன் என்பார்கள். நாமும் கைதட்டுவோம். அப்போது நம் கையில் மாவின் மணம் இருக்கட்டும். விரலில் ஒரு சிறு கொப்புளமும் இருக்கட்டும். மேடையில் அந்த அம்மையார் அமர்ந்திருக்கட்டும். பேச்சு அன்றைக்கு மெய்யாகும்.

என் வலக் கை ஆள்காட்டி விரலில் கொப்புளம் ஆறிய தழும்பு ஒன்று இருக்கிறது. அடுத்த செயற்குழுவில் கை தூக்கும்போது அதைக் காட்டுகிறேன். அந்தக் கை கனக்காது.

— ஜோகுபாளையத்து மாணவன்